சொல்லிவிட்டுப் போகச் சொன்னவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னட்ட ஒரு சொல்லுச் சொன்ன நீயா மனே?" என்று கேட்பார், மகனே என்பது அவர் வாயில் மனேதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தப்பியவர்கள் நாங்கள் வேலை செய்த கந்தோரில் ஒருவருமில்லை. ஆகவே அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம், அவரைவிட வயதில் மூத்த ரிபாஸ் உட்பட.

கல்லடியில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது எங்கள் கந்தோர். கீழே தையல் மெஷின்களின் சத்தம், மேலே எங்கள் கணினிகளின் சத்தம், யன்னலைத் திறந்தால் பாலத்தில் போகும் வாகனங்களின் சத்தம். அக்கா தேற்றாத்தீவிலிருந்து பஸ்ஸில் வருவார். மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், பொடி இறாலில் இடித்த கூனிச் சம்பல் மணம் படிக்கட்டால் இறங்கித் தையல் கடைவரை போகும். ஆள் சின்ன உருவம். சத்தம் மட்டும் அப்படியில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பத்தரை மணிபோல எழும்பி, பாலத்தடிக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு, ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறுதான். கந்தோர் வாசலில் அக்கா இடுப்பில் கைவைத்தபடி நின்றார்.

"எங்க போன நீ?"

"டீ குடிக்க அக்கா."

"ஆருட்டச் சொன்ன நீ?"

டீ குடிக்கப் போவதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

"கதிரையில ஆளில்ல. பேக் கிடக்கு. போன் கிடக்கு. நாங்க என்னண்டு நினைக்கிற? ரிபாஸ் கீழ போய்த் தையல் கடைக்குள்ளயும் பாத்திட்டு வந்திட்டான். போறதுக்கு முன்னம் 'வாறன்' எண்டு ஒரு சொல்லு. வாய் தேஞ்சிடுமா மனே?"

எனக்குக் கோபம் வந்தது. வேலைக்கு வந்த இடத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று நினைத்தேன். மறுநாள் வேண்டுமென்றே கதவடியில் நின்று, கந்தோர் முழுக்கக் கேட்கும்படி, "நான் டீ குடிக்கப் போறன், வாறன்!" என்று கத்தினேன். நக்கலுக்குத்தான் கத்தினேன். அக்கா திரையிலிருந்து தலையெடுக்காமல், "சரி மனே, போயிட்டு வா" என்றார். அவர் அதை நக்கலாக எடுக்கவேயில்லை. அதோடு என் நக்கல் செத்துப்போனது.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தங்கள் புத்தகங்களை எக்ஸ்எம்எல் கோப்புகளாக அனுப்புவார்கள். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டேக் கட்டியிருக்கும்: இது தலைப்பு, இது பந்தி, இது அடிக்குறிப்பு என்று. நாங்கள் விதிகள் எழுதுவோம். தலைப்பைக் கண்டால் பெரிய எழுத்தில் போடு, அடிக்குறிப்பைக் கண்டால் பக்கத்தின் கீழே கொண்டுபோ. உருமாற்றும் மென்பொருள் அந்த விதிகளைப் படித்துக் கோப்பை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் அச்சுக்கும் இணையத்துக்கும் ஏற்ற புத்தகமாகத் தரும். நெல் ஒரு பக்கம் போய் அரிசி மறுபக்கம் வருகிற மாதிரி.

அந்த மென்பொருளின் பழைய பதிப்புக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாங்கள் விதி எழுதாத ஒரு டேக்கைக் கண்டால், அது ஒன்றும் பேசாது. டேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் வெளியே விடும். உள்ளே எழுத்தே இல்லாத வெறும் டேக் என்றால், அது இருந்த சுவடே இருக்காது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வேலை ஓடுகிறது, அது போதும்.

அக்காவுக்கு அது நெஞ்சில் முள். "என்ன சாதி மெஷின் கா இது? உள்ளுக்க வந்த ஆள் எங்க போனான் எண்டு சொல்லாது" என்று திரையைப் பார்த்துத் திட்டுவார். ஒவ்வொரு கோப்பையும் ஓட்டி முடித்த பிறகு, உள்ளே போன டேக்குகளையும் வெளியே வந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முயற்சி செய்வார். பெரிய கோப்பு என்றால் எங்கள் பழைய கணினிகள் மூச்சுத் திணறும், அதோடு அந்த முயற்சி நின்றுவிடும்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேற்றாத்தீவுக்குப் போனபோது தெரிந்தது. கோயில் திருவிழாவுக்கு என்னையும் ரிபாஸையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். திருவிழா நாளில் வீட்டில் மரக்கறிதான். மீன் இல்லையென்று ரிபாஸ் வழியெல்லாம் கவலைப்பட்டான், ஆனால் அந்தக் கத்தரிக்காய்க் கறியைச் சாப்பிட்ட பிறகு மீனைப் பற்றிப் பேசவேயில்லை. அக்காவின் அப்பா ஆற்றில் வலை போடுகிறவர். பார்வை மங்கிக்கொண்டு வந்த காலம் அது. தூரம் போக மாட்டார், கரையோரமாகத்தான் தோணி.

நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் முற்றத்தில் இறங்கி நின்று, வீட்டைப் பார்த்துச் சொன்னார்:

"புள்ள, தோணியக் கட்டினது சரியோ எண்டு பாக்கப் போறன். தெக்கால, கரையோரக் கண்ணாப் பத்தையடிக்கு." கொஞ்ச நேரம் நின்றார். மூச்சு விட்டார். "வாறன்."

அந்த நிற்பு எனக்கு விநோதமாக இருந்தது. ஏதோ மறந்துவிட்டு யோசிக்கிறார் என்று நினைத்தேன். அக்கா சொன்னார், "அப்பா எப்பவும் அப்பிடித்தான். எங்க போறதெண்டு சொல்லுவார், மறுகா ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் 'வாறன்' எண்டுவார். ஆத்துல காத்துக் கிளம்பினா எந்தப் பக்கம் தேடுற எண்டு வீட்டில இருக்கிற ஆக்களுக்குத் தெரியோணும். அம்மா இருக்கக்குள்ள அம்மாட்டச் சொன்னார். இப்ப என்னட்ட. நான் வேலைக்குப் போற நாளில நாயிட்டச் சொல்லுவார்."

நாயும் அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுமாம். நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். அன்றைக்குப் பிறகு டீ குடிக்கப் போகும்போது நான் கத்துவதை நிறுத்திவிட்டுச் சாதாரணமாகச் சொல்லத் தொடங்கினேன்.

தயிர்க்காரர் கதையையும் சொல்லாமல் விட ஏலாது. கிரானிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் தயிர்ச்சட்டிகளைக் கட்டிக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை தவறாது. ஒரு வெள்ளி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. நாங்கள் கடையில் தயிர் வாங்கிச் சாப்பிட்டோம். அக்கா சாப்பிடவில்லை. "மனிசன் ஒண்டும் சொல்லாம நிண்டிட்டான்" என்று ஒரே புலம்பல். சனிக்கிழமை பஸ் ஏறிக் கிரானுக்கே போய்விட்டார். வீட்டைத் தேடிப் பிடித்தால், அவர் தன் வட்டையில் அரிவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, நடப்பதால் வயலில் நின்றிருக்கிறார். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. அக்கா வரம்பில் நின்றபடியே ஏச்சு. கடைசியில் அந்த மனிதரும் வாயைத் திறந்திருக்கிறார்: "தங்கச்சி, போன முறை வரக்குள்ள வெட்டுத் தொடங்குது எண்டு சொன்னன்தானே. நீங்க கம்ப்யூட்டரப் பாத்துக்கொண்டு 'ஓம் ஓம்' எண்டீங்க."

திங்கட்கிழமை அக்கா எங்களுக்கு இதைத் தானே சொன்னார். "சொன்ன மனிசன்ட சொல்ல நான்தான் கேக்கல்ல" என்று சொல்லி, கண்ணில் நீர் வர வர சிரித்தார். கிரானிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு சட்டித் தயிரை எங்களுக்குப் பங்கு வைத்தார். தன்னைப் பற்றிய பகிடியை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இனி அந்த மாதத்துக்கு வருகிறேன்.

மென்பொருளின் புதிய பெரிய பதிப்பு வெளியானது. அதோடு கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து போன் வந்தது. அங்கே இருந்த பெரியவரை நாங்கள் சேர் என்று சொல்வோம். எல்லாக் கிளைகளும் புதிய பதிப்புக்கு மாற வேண்டும், மாத முடிவுக்குள் ஒரு முழுப் புத்தகத்தைப் புதிய பதிப்பில் செய்து கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாத கிளையைக் கொழும்போடு சேர்த்துவிடுவார்கள் என்றார். எனக்கு அது பெரிய பயமில்லை. கல்யாணம் கட்டாதவன், கொழும்பென்றால் பெட்டியைக் கட்டுவேன். ரிபாஸுக்கு வெள்ளவத்தையில் மாமா இருந்தார். அக்காவுக்குத்தான் வழியில்லை. பார்வை மங்கிய அப்பாவைத் தேற்றாத்தீவில் நாயிடம் விட்டுவிட்டு அவர் கொழும்புக்குப் போக முடியாது. அப்பா ஆற்றை விட்டு வரமாட்டார். கந்தோர் மூடினால் அக்காவின் வேலை போனதுதான். அன்றைக்கு அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

ஆனால் எனக்குப் புதுசு என்றால் பைத்தியம். புதிய பதிப்பில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சத்தமாக வாசித்தேன். பெரிய கோப்பை முழுவதுமாக நினைவகத்துக்குள் இழுத்து வைக்கத் தேவையில்லை, வர வரப் படித்து, படித்ததை அனுப்பிவிட்டு, அடுத்ததைப் படிக்கும்.

"ஆத்த வீட்டுக்குள்ள கொண்டு வராம, வாசல்ல வாளிய வச்சு அள்ளுற மாதிரி" என்றான் ரிபாஸ். எங்கள் பழைய கணினிகளுக்கு இனி மூச்சுத் திணறாது. எல்லோரும் கை தட்டினோம். எக்ஸ்எம்எல் இல்லாத மற்ற வகைக் கோப்புகளையும் வாசிக்குமாம். அதற்கும் கை தட்டினோம். எனக்குப் பிடித்தது வேறு. நடுவில் பிழை வந்தால் முன்பு மொத்த வேலையும் விழுந்துவிடும். இனி அந்தப் பிழையை நாங்களே கையில் பிடித்து, அதற்கு என்ன செய்வது என்று தீர்மானிக்கலாம்.

அக்கா கை தட்டவில்லை. குடையை மடித்துச் சாய்த்து வைத்துவிட்டு, "வந்த ஆக்களச் சொன்ன நீ. ஆரு போனது?" என்று கேட்டார்.

"என்ன அக்கா?"

"புதுசா வந்ததெல்லாம் சொன்ன. பழசில என்ன எடுத்துப்போட்டாங்க, என்ன மாத்திப்போட்டாங்க எண்டு கீழ எங்கயும் எழுதியிருப்பாங்க. அத வாசி."

பட்டியலில் அவ்வளவு கீழே நான் போயிருக்கவேயில்லை. அவரே வந்து என் கதிரையில் குந்திக்கொண்டு, பக்கம் பக்கமாக இறங்கினார். நான் அலுத்துப்போய்க் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன், சொல்லிவிட்டுத்தான். திரும்பி வரும்போது படிக்கட்டிலேயே அவர் சத்தம் கேட்டது.

"கிடைச்சிட்டுகா! கிடைச்சிட்டு!"

விதி இல்லாத டேக்கை என்ன செய்வது என்று இனி நாங்களே சொல்லலாம் என்று எழுதியிருந்தது. அப்படியே கொண்டுபோ என்று சொல்லலாம். பேசாமல் விட்டுவிடு என்று சொல்லலாம். இல்லாவிட்டால், அங்கேயே நின்று சத்தம் போடு என்று சொல்லலாம். பதிப்பின் பட்டியலில் அதற்கு இரண்டு வரிதான். அக்கா அந்த இரண்டு வரியையும் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். மறுநாள் ஒரு டின் நிறைய அரியதரம் சுட்டுக்கொண்டு வந்தார். ஒரு மென்பொருளின் வசதிக்காகப் பலகாரம் சுட்ட வேறு ஆளை நான் அதற்குப் பிறகும் காணவில்லை.

அவர் எங்கள் விதிகள் எல்லாவற்றிலும் அதைத்தான் போட்டார்: விதி இல்லாத டேக்கைக் கண்டால் நின்று சத்தம் போடு.

மெஷினும் போட்டது. ஐயோ, என்ன சத்தம்! மாத முடிவுக்குக் கொடுக்க வேண்டிய புத்தகம், ஏதோ ஒரு குளிர் நாட்டில் பழைய துறைமுகத் தொழிலாளிகள் சொன்ன கதைகளைப் பதிவு செய்து எழுதியது. அதே வரிசையில் பல பாகங்களைப் பழைய பதிப்பில் நாங்கள் ஒரு கரைச்சலும் இல்லாமல் செய்து கொடுத்திருந்தோம். இந்தப் பாகமோ இரண்டு பக்கம் ஓடும், நிற்கும். விதி எழுதுவோம். மூன்று பக்கம் ஓடும், நிற்கும். ஒருமுறை நின்ற இடம் பதிப்பாசிரியர் தனக்கென்று எழுதி மறந்துபோய் விட்டுவைத்த குறிப்பு. இன்னொரு முறை நின்றது அக்காவே விதி எழுத மறந்த டேக்கில். "இது ஆர்ட வேலை?" என்று ரிபாஸ் கேட்க, "என்ட வேலதான், என்னையும் பிடிச்சிட்டு" என்று மேசையில் தட்டிச் சிரித்தார். ஆனால் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மாதம் முடிந்துகொண்டு வந்தது.

கடைசியில் ஒரு டேக்கில் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பதிப்பகம் எங்களுக்குத் தந்த பட்டியலில் விளக்கமே இல்லை. உள்ளே எழுத்தும் இல்லை. வெறும் டேக். வசனத்தின் நடுவில் ஒன்று, வசனத்தின் முடிவில் ஒன்று, புத்தகம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. என்னவென்று தெரியாமல் என்ன விதி எழுதுவது?

பழைய பாகங்களின் மூலக் கோப்புகளைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் இருந்தது. பழைய பதிப்பு அத்தனையையும் சொல்லாமல் விழுங்கியிருந்தது. நாங்கள் செய்து கொடுத்த புத்தகங்களில் ஒன்றுகூட இல்லை.

"அக்கா, அதுல எழுத்தே இல்ல" என்றேன். "பேசாம விட்டுடு எண்டு ஒரு சொல்லு மாத்தினாக் காணும். வழக்கம்போல போகும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே மனே."

"பதிப்பகம் இவ்வளவு நாளும் ஒண்டும் கேக்கல்லத்தானே?"

"நாமளும் கேக்கல்லத்தானே?"

எங்கள் கந்தோரில் ஒரு பழக்கம் இருந்தது. பதிப்பகத்திடம் நேரே ஒன்றும் கேட்க மாட்டோம். கேட்டால் வேலை தெரியாதவர்கள் என்று நினைப்பார்கள் என்று பயம். கேட்பதென்றால் கொழும்பு வழியாகக் கேட்க வேண்டும். கொழும்பில் கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று வரும். ஆகவே யாரும் கேட்பதில்லை. தெரியாததை மரியாதையாக மூடிவைத்திருப்போம். இதை நாங்கள் நல்ல வேலைப் பழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

சேர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டோம்.

"என்ன, மற்றக் கிளையெல்லாம் குடுத்தாச்சு. நீங்க மட்டும் என்ன செய்றீங்க?"

அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"சத்தம் போடச் சொன்னது நீங்கதானே? அத நிப்பாட்டுங்க. நாளைக்குப் புத்தகம் வேணும். உங்களுக்காகத்தான் சொல்றேன். கிளைய மூடினா நீங்க கொழும்புக்கு வர ஏலாது எண்டு எனக்குத் தெரியும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே அக்காவுக்காகத்தான் சொன்னார். அக்கா "சரி சேர், நான் சொல்றன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பிறகு சுவரில் ஒட்டியிருந்த அந்த இரண்டு வரியையும் பார்த்தபடி இருந்தார். ஒரு சொல்லை மாற்றினால் போதும். அவருடைய வேலை இருக்கும், அப்பாவின் தோணி இருக்கும், பஸ் இருக்கும், கூனிச் சம்பல் இருக்கும். எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல இருந்தது. ரிபாஸ் மெதுவாக, "அக்கா, நீங்க என்ன செஞ்சாலும் நாங்க உங்களோடதான். ஆனா கெதியாச் செய்யுங்க" என்றான்.

அக்கா கணினியைத் தன் பக்கம் இழுத்தார். பதிப்பாசிரியருக்கு நேரே ஒரு மின்னஞ்சல் எழுதினார். கொழும்புக்கும் பிரதி போட்டார். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் புத்தகத்தில் இப்படி ஒரு டேக் இருக்கிறது, இது என்னவென்று எங்களுக்குத் தெரியாது, முந்திய பாகங்களில் இதை நாங்கள் காணாமலே விட்டுவிட்டோம், நாளைக்குப் புத்தகம் வராது, சொல்லாமல் பிந்தக் கூடாது என்பதால் சொல்கிறேன் என்று எழுதினார். எழுதி அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, "நான் கடற்கரையில கொஞ்சம் நிண்டுட்டு வாறன்" என்றார். அவர் வேலை நேரத்தில் வெளியே போனதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கொழும்பிலிருந்து போன் அடித்தது. நாங்கள் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது. ரிபாஸ் போனின்மேல் தன் தொப்பியைக் கழற்றி வைத்தான்.

பின்னேரம் பதில் வந்தது. அக்கா திரும்பி வந்து கதிரையில் உட்காரும்வரை நாங்கள் அதைத் திறக்கவில்லை. எழுதியவர் ஒரு பெண்மணி, வயதானவர் என்று எழுத்தில் தெரிந்தது. அந்த டேக், கதை சொன்னவர் பேச்சை நிறுத்தி மூச்சு விட்ட இடமாம். சொன்னவர்கள் எல்லாம் கிழவர்கள், எங்கே நின்று மூச்சு விட்டார்கள் என்பதும் கதைதான் என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக் குறித்தாராம். முந்திய பாகங்களில் அது இல்லாததைக் கண்டிருக்கிறார். அச்சுக்கு அழகில்லை என்று நீங்கள் யோசித்துத்தான் எடுத்திருப்பீர்கள், உங்கள் தொழிலில் தலையிடக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன், கேட்டதற்கு எவ்வளவு நன்றி என்று எழுதியிருந்தார். அவசரப்பட வேண்டாம், மெதுவாகச் செய்யுங்கள், முந்திய பாகங்கள் எல்லாவற்றையும் மூச்சோடு திரும்பச் செய்து தர முடியுமா, நீங்களே செய்ய வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை என்று முடித்திருந்தார்.

அவர்களும் மரியாதைக்குக் கேட்கவில்லை, நாங்களும் மரியாதைக்குக் கேட்கவில்லை. நடுவில் கிழவர்களின் மூச்சுப் போய்விட்டது.

அக்கா அழுதார். நல்லாக அழுதார். "அப்பாவும் இப்பிடித்தானே மனே" என்றார். தேற்றாத்தீவு முற்றத்தில் அவர் நின்று விட்ட மூச்சு எனக்கு ஞாபகம் வந்தது, எனக்கும் கண் கலங்கியது. ரிபாஸ் போனின்மேல் இருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப சேர் எடுத்தாக் கதைப்பம்" என்றான்.

சேர் எடுத்தார். முதலில் ஏசினார், பிறகு வாழ்த்தினார். அத்தனை பாகங்களின் வேலையும் கல்லடிக்கு வந்தது. கந்தோர் நின்றது. அச்சில் அந்த மூச்சுகளுக்கு வரிக்குள் ஒரு சின்ன இடைவெளி விட்டோம். முதல் பிரதி வந்தபோது அக்கா பக்கங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வேலை நடந்த நாட்களில்தான் நாங்கள் இன்னொன்றும் செய்தோம். மெஷின் சத்தம் போடும்போது ஆங்கிலத்தில் ஏதோ எண்களோடு கத்தும், பார்க்கவே தலையிடிக்கும். பிழையைக் கையில் பிடிக்கும் வசதி எனக்குப் பிடித்தது என்றேனே, அதை வைத்து, அந்தக் கத்தலைப் பிடித்து எங்கள் பாஷையில் சொல்ல வைக்கலாம் என்று நான் சொன்னேன். அக்காவுக்குப் பிடித்த வசதியோடு எனக்குப் பிடித்த வசதியைக் கட்டினோம். என்ன சொல்ல வேண்டும் என்பதை அக்காவே எழுதினார். அதற்குப் பிறகு அது வாய் திறக்க வேண்டி வரவில்லை, வருகிற புத்தகங்களின் எல்லா டேக்குக்கும் அக்கா முன்கூட்டியே கேட்டு விதி எழுதிவிட்டார்.

சில வருடங்களில் அக்காவின் அப்பா போய்விட்டார். காலையில் வழக்கம்போல எங்கே போகிறார் என்று சொல்லி, மூச்சு விட்டு, "வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். வந்து, சாப்பிட்டு, பாயில் படுத்தவர் எழும்பவில்லை. செத்த வீட்டில் யாரோ ஒரு மாமி, "ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டாரே" என்று ஒப்பாரி வைக்க, அக்கா நிமிர்ந்து, "இல்ல மாமி. வாறன் எண்டு சொன்னார். வந்தார்தானே" என்றார்.

அதன் பிறகு அவர் அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பியிடம் போனார். கடைசி நாள் விடைபெறுவதற்கே அவருக்கு ஒரு முழு நாள் வேண்டியிருந்தது. எங்களிடம், தயிர்க்காரரிடம், டீக்கடையில், யன்னலடியில் நின்று ஆற்றிடம். எல்லாம் முடித்து ஓட்டோவில் ஏறிப் பாலம்வரை போனவர் திரும்பி வந்தார். கீழே தையல் கடையில் காஜா எடுக்கும் பிள்ளையிடம் சொல்ல மறந்துவிட்டாராம்.

இப்போது அந்தக் கந்தோரில் நான்தான் மூத்தவன். ரிபாஸ் கட்டாருக்குப் போய்விட்டான். போன கிழமை மென்பொருளின் அடுத்த பெரிய பதிப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று, என்னைப்போலவே புதுசுக்குப் பைத்தியம், வந்த வசதிகளையெல்லாம் சத்தமாக வாசித்துவிட்டு, எங்கள் பழைய விதிகளைப் புதிய பதிப்பில், புதிதாக வந்த ஒரு பதிப்பகத்தின் புத்தகத்தோடு ஓட்டிப் பார்த்தாள். கொஞ்சம் ஓடியது. நின்றது.

"அண்ணா, இஞ்ச வந்து பாருங்க. மெஷின் என்னமோ கேக்குது. ஆரு இது?"

எழும்பிப் போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில், வெள்ளை எழுத்தில், எங்கள் ஊர்த் தமிழில் நின்றது:

ஆரு நீ மனே? எங்க போற? சொல்லிட்டுப் போ.

எனக்கு அக்காவின் சத்தமே கேட்டது. குடையும் கூனிச் சம்பலும் வந்து பக்கத்தில் நின்றன. அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, திரையைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவர் சிரிப்பார், பழைய கதை கதைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே பதில் வந்தது. சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அது என்ன டேக்? அவங்களிட்டக் கேட்ட நீயா?"

கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன். பதிப்பகத்துக்கு நேரே எழுதச் சொல்லி அந்தப் பிள்ளையை உட்கார வைத்தேன். நேரே கேட்பதா என்று அவள் தயங்கினாள். நேரேதான் என்றேன். பிறகு கதவடிக்குப் போய், திரும்பி நின்றேன்.

"புள்ள, பாலத்தடிக் கடைக்கு டீ குடிக்கப் போறன்."

ஒரு மூச்சு விட்டேன்.

"வாறன்."